இலண்டன் – பாரிஸ்: அட்டவணையில் அடங்காத தூரம்

இலண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையிலான தூரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோ மீற்றர். மணிக்கு 800 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் அதனை அரை மணித்தியாலத்திற்குள் கடந்துவிட வேண்டும். ஆனால், விமான நேர அட்டவணைகளில் காணப்படுவதோ ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். இவ்விரு நகரங்களிலும் உற்றார் உறவினரைக் கொண்டுள்ள எமது வாசகர்கள் பலருக்கு இக்கணக்கு விளங்காததாக இருக்கக்கூடும்.

அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மாத்திரமன்று. விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் தரிப்பிடத்தைச் சென்றடையும் வரையிலான முழு நேரமுமே அதில் அடங்கும். ஹீத்ரோவில் இருப்பவை இரண்டே இரண்டு ஓடுபாதைகள். புறப்படும் விமானங்கள் அங்கு வரிசையில் நிற்க நேரிடுகிறது. வந்திறங்கும் விமானங்களோ நகரைச் சூழவுள்ள நான்கு இடங்களில் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கின்றன. அத்துடன், இத்தகைய குறுந்தூரப் பயணத்தின் பெரும்பகுதி மேலேறுவதிலும் கீழிறங்குவதிலுமே கழிவதால், விமானம் முழு வேகத்தை எட்டுவது சொற்ப நேரத்திற்கே.

மணிக்கூடு வேறொரு மயக்கத்தை ஏற்படுத்துகிறது. பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்தை விட எப்போதும் ஒரு மணித்தியாலம் முன்னதாகும். எனவே இலண்டனில் காலை 10 மணிக்குப் புறப்படுபவர் பாரிஸை அடையும்போது அங்கு பிற்பகல் 12.15 ஆகியிருக்கும். பாரிஸில் 10 மணிக்குப் புறப்படுபவரோ இலண்டனை 10.15க்கே அடைந்துவிடுவார்! பயணச்சீட்டில் அச்சுப் பிழை ஏதுமில்லை.

1919 ஓகஸ்ட் 25ஆம் திகதி இப்பாதையில் நாளாந்த விமான சேவை ஆரம்பமானபோது பயணம் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. 1994இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கப்பாதையூடாகச் செல்லும் யூரோஸ்டார் புகையிரதம் இன்று அதனிலும் சற்றுக் குறைவான நேரத்தில், ஒரு நகரின் நடுவிலிருந்து மற்றைய நகரின் நடுவிற்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விமான நிலையத்திற்குச் செல்லும் நேரத்தையும் அங்கு காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்ப்போருக்கு புகையிரதமே இலாபமாகத் தெரிவதில் வியப்பில்லை.

எனினும், இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்போருக்கு இக்கணக்குகள் யாவும் இரண்டாம் பட்சமே. பிரித்தானியா ஷெங்கன் வலயத்தில் ஒருபோதும் சேர்ந்ததில்லை. ஆகையால் இலண்டனில் சட்டபூர்வமாக வாழும் இலங்கையர் பாரிஸ் செல்ல ஷெங்கன் விஸாவும், பாரிஸில் வதிவிட அனுமதி பெற்றவர் இலண்டன் வர பிரித்தானிய விஸாவும் பெற வேண்டியுள்ளது. ஷெங்கன் விண்ணப்பமொன்றைத் தீர்மானிப்பதற்கான வழமையான கால எல்லை 15 நாட்கள். அது 45 நாட்கள் வரை நீடிக்கப்படலாம். ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் உடன்பிறந்தவரின் மரணச் சடங்கோ ஜனாஸா நல்லடக்கமோ நடைபெறும்போது, மறுகரையில் இருப்பவர் தொலைபேசியில் அழுதுகொண்டிருக்க நேர்வது இதனாலேயே.

அவசர நிலைமைகளில் தாமதமின்றித் தீர்மானிக்குமாறு ஷெங்கன் விதிகள் கூறுகின்றன. ஆயினும், ஒரு நாளைக்குள் நல்லடக்கத்தை முடிக்க விரும்பும் குடும்பத்திற்கு அது எவ்வளவு உதவும் என்பது கேள்விக்குரியதே. திருமணம் போன்ற நாள் குறித்த வைபவங்களுக்காயின் நிலைமை சற்று இலகுவானது. பயணத்திற்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம்.