ரத்தத்தின் கதை – 14: சீரம் வைக்கும் அடையாளம்

தண்ணீர்ப்பூச்சியின் உடலுக்குள் நுழைந்த ஈஸ்ட் வித்துகளை அணுக்கள் சூழ்ந்து விழுங்கியதை மெச்னிகாஃப் கண்டது 1884-ல் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். கிருமியை ஒழிப்பது வெள்ளையணுவா, சீரமா என்பதுதான் சண்டை. 1903-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் நடந்த ஒரு சோதனை இரண்டு கட்சியையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது.

ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அசையாமல் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் உறைந்துவிடும். உறைந்த கட்டி சுருங்கச் சுருங்க, இளமஞ்சள் நிறத்தில் ஒரு தெளிநீர் பிரிந்து மேலே நிற்கும். அதுதான் சீரம். சரியாகப் பிரித்தால் அதில் அணுக்களே இருக்காது.

ஆல்ம்ரோத் ரைட், ஸ்டூவர்ட் டக்ளஸ் என்ற இருவரும் ரத்த அணுக்களை உப்புநீரில் நன்றாகக் கழுவி, சீரத்தை அடியோடு நீக்கினார்கள். அவற்றோடு, சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைக் கலந்து, 37 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் வைத்தார்கள். பிறகு கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, ஒவ்வொரு வெள்ளையணுவுக்குள்ளும் எத்தனை பாக்டீரியா என்று எண்ணினார்கள். சீரம் சேர்த்த கலவையில் அணுக்களுக்குள் பாக்டீரியாக்கள் குவிந்து கிடந்தன. சீரம் இல்லாததில் அநேகமாக எதுவும் இல்லை. பசியோடு இருக்கும் அணுவுக்குப் பக்கத்திலேயே இரை இருந்தும் அது தொடவில்லை!

சீரம் வெள்ளையணுவை உசுப்புகிறதா, பாக்டீரியாவை மாற்றுகிறதா? பாக்டீரியாவை முதலில் சீரத்தில் ஊறவைத்தார்கள். பின்பு அந்தக் கலவையை 60 டிகிரிக்குச் சூடாக்கி, சீரத்தைச் செயலிழக்கச் செய்த பிறகே வெள்ளையணுக்களைச் சேர்த்தார்கள். அப்போதும் அவை விழுங்கின. ஆகவே மாற்றம் நடந்தது பாக்டீரியாவின் மேல்தான். அதைச் செய்யும் பொருளுக்கு ஆப்சொனின் என்று பெயர் வைத்தார்கள். இத்தனை எளிய கருவிகளால் இத்தனை தெளிவான விடையைப் பெற்ற சோதனைகள் மருத்துவ வரலாற்றில் அதிகம் இல்லை என்பேன்.

அந்த வேலையில் பெரும்பங்கு சி3 என்ற புரதத்துடையது என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஒரு லிட்டர் சீரத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் சி3 இருக்கிறது. கிருமி வந்ததும் அது வெட்டுப்பட்டு, ஒட்டும் முனை வெளிப்பட, வேட்டியில் நாயுருவி அப்புவதைப் போலக் கிருமியின் மேல் அப்பிக்கொள்கிறது. அந்தத் துண்டைப் பற்றும் ஏற்பிகள் வெள்ளையணுவின் மேல் இருக்கின்றன. நம் சொந்தச் செல்களின் மேல் சி3 ஒட்ட நேர்ந்தால், அதை முடக்கக் காவல் புரதங்கள் உண்டு. ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் பொதுவாக அந்தக் காவல் கிடையாது.

சி3-ஐ ஏவிவிடும் வழிகளில் ஒன்று வெளிப்பட்டது ஒரு குழந்தையின் நோயால். 1968-ல் 'லான்செட்' இதழில் வந்த அறிக்கை அது. அந்தக் குழந்தைக்குத் தொற்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. வழக்கமான பரிசோதனைகளில் காரணம் அகப்படவில்லை. ரொட்டிக்குப் போடும் சாதாரண ஈஸ்டைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் குறை பிடிபட்டது. குழந்தையின் சீரத்தில் ஊறிய ஈஸ்டை வெள்ளையணுக்கள் சரியாக விழுங்கவில்லை. நலமானவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்ததும் விழுங்கின. அணுக்களில் பழுதில்லை, சுற்றியுள்ள நீரில்தான் ஏதோ இல்லை.

அந்த 'ஏதோ' என்ன என்று தெரிய இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 1989-ல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: மன்னோஸ் சர்க்கரையைப் பற்றும் எம்பிஎல் என்ற புரதம் இத்தகையவர்களின் சீரத்தில் மிகக் குறைவு. ஈஸ்டின் சுவரிலும் பல பாக்டீரியாக்களின் மேற்புறத்திலும் அந்தச் சர்க்கரை வரிசை வரிசையாக வெளியே தெரியும். எம்பிஎல் அதில் பல கைகளால் பிடித்துக்கொண்டு சி3-ஐ ஏவுகிறது. முன்பின் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் உருவாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இந்தக் குறை அபூர்வமும் அல்ல. 1976-லேயே, நலமாக இருப்பவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேரின் சீரம் ஈஸ்ட் சோதனையில் தோற்கிறது என்று கண்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை; எதிர்ப்பொருள்கள் ஈடுகட்டிவிடுகின்றன. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் கரைந்து, சொந்தமாக இன்னும் போதிய அளவு சுரக்காத ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையில்தான் ஆபத்து கூடுகிறது. அந்த வயதுக் குழந்தைக்கு அடிக்கடி தொற்று வந்தால், 'ரத்த அணுக்கள் நார்மல்' என்ற ஒரு சீட்டை மட்டும் வைத்து மருத்துவர் முடிவுகட்டிவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன். அணுக்களை எண்ணும் சோதனை சீரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

குறையுள்ள மரபணு இத்தனை பேரிடம் ஏன் நிலைத்தது? ஒரு விளக்கம் உண்டு. காசநோய்க் கிருமி வெள்ளையணுவுக்குள் புகுந்து வாழும் இனம். விழுங்கப்படுவதே அதற்கு வசதி. அப்படிப்பட்ட கிருமிகள் மலிந்த இடத்தில், எம்பிஎல் குறைந்தவருக்கு அனுகூலம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இது இன்னும் உறுதிப்படவில்லை. விழுங்கப்பட்ட பின்னும் அந்தக் கிருமி எப்படிச் சாகாமல் தப்புகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)