லிக்விட் கூலிங்: பில்லில் வராத செலவு

போன வீடியோவுல என் பின்னாடி ஓடிட்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "சார், நானும் கஸ்டம் லூப் போடலாமா?"ன்னு கேட்டிருந்தீங்க. போனஸ் வந்த மாசம், புரியுது. போடுங்க. ஆனா பைக் மாதிரி இதுக்கும் சர்வீஸ் செலவு உண்டு.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூலன்டை வடிச்சு, டிஸ்டில்டு வாட்டரால அலசி, புதுசு ஊத்தணும். நான் 'நல்லாத்தானே ஓடுது'ன்னு இரண்டு வருஷம் விட்டுட்டேன். சூடு ஏறுதேன்னு சிபியு பிளாக்கைத் திறந்தா, மெல்லிய செப்புத் தகடுகளுக்கு நடுவுல பச்சையா அழுக்கு அடைச்சிருந்தது. கேன் தண்ணி ஊத்தி மிச்சம் பிடிக்காதீங்க, உப்பு உள்ளேயே படியும். செப்பு பிளாக்கோட அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தா அலுமினியம் அரிச்சுடும்.

நிரப்பினதும் பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, இணைப்புகளுக்கு அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு, சில மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. கசிஞ்சு கிராபிக்ஸ் கார்டு போனா, தண்ணி பட்டதுக்குப் பொதுவா வாரண்டி கிடைக்காது. சம்பளக்காரங்க இந்தச் செலவை வரியில கழிக்கவும் முடியாது. புது வரிமுறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், அவ்வளவுதான்.

நான் இப்போ இதுக்குன்னே மாசம் 300 ரூபாய் ஆர்டியில போடறேன். அதுவும் கஷ்டம்னா சாதாரண ஃபேன் கூலரே வாங்குங்க, அப்பப்போ தூசி தட்டினா போதும்.