வாத்துகளுக்குள் சண்டையா? முதலில் எண்ணிப் பாருங்கள்!

சைனிக்புரி, அல்வால், மல்காஜ்கிரி பக்கம் காம்பவுண்டுக்குள் கொஞ்சம் மண் தரையும் ஒரு கொய்யா மரமும் உள்ள வீடுகள் இன்னும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைகள் ஆசைப்பட்டு நாலு வாத்துக் குஞ்சுகள் வாங்கி வருகிறார்கள். நாலைந்து மாதம் எல்லாம் ஆனந்தம்தான். பிறகு ஒருநாள் பெட்டை ஒன்றின் பிடரியில் இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, ரத்தம் கசிகிறது. "இந்த ஆண் வாத்துக்குப் பிடித்த கோபத்தைப் பாருங்கள்!" என்று வீட்டார் குச்சியை எடுக்கிறார்கள்.

குச்சியால் பயனில்லை. குற்றம் பெரும்பாலும் வாத்தின் குணத்தில் இல்லை, நம் கணக்கில்தான் இருக்கிறது. குஞ்சில் ஆண், பெண் தெரியாது. நாலு வாங்கினால் சராசரியாக இரண்டு ஆணாக அமையும். ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெட்டைகளாவது இருக்க வேண்டிய இனத்தில், ஆணும் பெண்ணும் சரிபாதி என்றால் என்ன ஆகும்? ஒரே பெட்டையை இரண்டு ஆண்களும் மாறி மாறித் துரத்தும். அது தீனி தின்னவும் முடியாமல் மெலியும். கவனிக்காவிட்டால் இறந்தும் போகும். நம் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மந்தையில் ஆண்கள் மிகக் குறைவு.

எல்லாக் கொத்தலும் ஆபத்தல்ல. பறவைக் கூட்டத்தில் யார் பெரியவர் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரப்-எப்பே கோழிகளைக் கவனித்து 1920-களில் இதை எழுதினார். புது வாத்து வந்தாலும் இந்த வரிசை கலையும். ஓரிரு கொத்து, கொஞ்சம் துரத்தல், பிறகு அமைதி என்றால் விட்டுவிடலாம். ஒன்றையே எல்லாமாகத் துரத்தினாலோ, ரத்தம் வந்தாலோ அன்றே தலையிட வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. அடிபட்டதை உடனே தனியே வையுங்கள். காயத்தைச் சுத்தமான நீரில் கழுவி, ஆழமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் முன் கூட்டத்தில் விட்டால் மற்றவை அதே இடத்தில் கொத்தும்.

2. இரண்டு மாதம் ஆனதும் குரலைக் கேளுங்கள். உரக்க "க்வாக்" என்றால் பெட்டை; கம்மிய குரல் என்றால் ஆண். பிறகு ஆணின் வாலில் சுருள் இறகும் முளைக்கும். இந்த வயதிலேயே முடிவெடுப்பது நல்லது.

3. தீனித் தட்டும் தண்ணீர்த் தொட்டியும் இரண்டிரண்டாக, தள்ளித் தள்ளி இருக்கட்டும். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் ஒரே தொட்டி என்றால் அதுவே போர்க்களம். தலை முழுதும் முங்கும் ஆழமும், நல்ல நிழலும் அவசியம். இரவுக் கூண்டில் ஒவ்வொன்றுக்கும் நாலு சதுர அடியாவது இடம் வேண்டும்.

4. புதிதாக வாங்கியவற்றை முதலில் இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு வாரம் கம்பி வலைக்கு அப்பால், ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துப் பழக்கி, ஒரேயடியாக இரண்டு மூன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

5. வாத்தையும் கோழியையும் ஒரே அடைப்பில் விடாதீர்கள். ஆண் வாத்து கோழியைத் துரத்தி மிதித்தால் கோழிக்கு உள்காயம் ஏற்படும்.

மிச்சமான ஆணை என்ன செய்வது? இதுதான் வீட்டில் விவாதம் எழுப்பும் கேள்வி. பெட்டைகளை அதிகம் வாங்க இடமில்லை என்றால் ஆண்களை மட்டும் தனி அடைப்பில், பெட்டைகள் கண்ணில் படாதபடி வைக்கலாம். பெரும்பாலும் ஒற்றுமையாக இருக்கும். அதற்கும் வசதியில்லை என்றால் பெரிய மந்தை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். முட்டைக்கு ஆண் தேவையே இல்லை. ஆண் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு மட்டும் பொரிக்காது. காக்கி கேம்ப்பெல் இனம் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும்.

குழந்தைகளுக்கு அந்த ஆணைப் பிரிய மனம் வராதுதான். ஆனால் பிடரி கிழிந்து மூலையில் ஒடுங்கி நிற்கும் பெட்டையைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வளர்க்கிறோம் என்றால் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருப்பதல்ல. பலவீனமானதற்கும் நிம்மதியான இடம் தருவதுதான்.