ஓர் ஆற்றுத்தீவும் இரு வல்லரசுகளும்

வல்லரசுகளின் உறவைப் படைபலமும் வாணிகமுமே நிர்ணயிக்கின்றன என்பது பரவலான கருத்து. ஆயினும், ஒரு நாடு தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம் சில வேளைகளில் இவ்விரண்டையும் விஞ்சிவிடுகிறது. சோவியத் யூனியனுக்கும் சீனத்துக்கும் இடையே மூண்ட எல்லைப் பூசல் இதற்குத் தக்க சான்றாகும்.

1950 பிப்ரவரியில் இவ்விரு பொதுவுடைமை நாடுகளும் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. பத்தாண்டுகளில் கொள்கை வேறுபாடு முற்றியது. 1960இல் சோவியத் வல்லுநர்கள் சீனத்தினின்று திருப்பி அழைக்கப்பட்டனர். அதன்பின் பழைய கணக்கொன்று தலைதூக்கியது. 1858ஆம் ஆண்டின் ஐகுன் உடன்படிக்கையாலும் 1860ஆம் ஆண்டின் பீகிங் உடன்படிக்கையாலும், ஆமூர் ஆற்றுக்கு வடக்கிலும் உசூரி ஆற்றுக்குக் கிழக்கிலுமாக ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் ஜார் ஆட்சியின் வசமாகியிருந்தது. அபினிப் போர் தொடங்கி 1949 வரையுள்ள காலத்தைச் சீனர் 'அவமான நூற்றாண்டு' என்பர். அந்த அவமானத்தினின்று நாட்டை மீட்டது தானே என்பது, சீனப் பொதுவுடைமைக் கட்சி தன் ஆட்சியுரிமைக்குக் காட்டும் தலையாய காரணங்களுள் ஒன்று.

1964இல் நடந்த எல்லைப் பேச்சில் சீனம் அந்நிலம் முழுவதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவ்வுடன்படிக்கைகள் சமத்துவமற்றவை என்று மாஸ்கோ ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றை வைத்தே எல்லை வகுக்கலாம் என்றது. வெறும் சொல்தானே என்று தோன்றலாம். ஜாரைக் கவிழ்த்த புரட்சியின் வழிவந்த அரசுக்கோ, ஜாரின் கொள்ளைக்கு வாரிசு என்ற பெயரை ஏற்க மனமில்லை. ஒப்புக்கொண்டால், 'கிழக்கை ஆள்க' என்று பொருள்படும் விளாதிவஸ்தோக் நகரின் மீதுள்ள உரிமையே ஐயத்துக்கு இடமாகிவிடும்.

1969 மார்ச்சில், உசூரி ஆற்றில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புகூட இல்லாத தமான்ஸ்கித் தீவில் இரு படைகளும் மோதின. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. சீனர் அதனை ஜென்பாவ் என அழைப்பர். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சனைச் சீனம் வரவேற்றது. அவ்வாண்டிலேயே சோவியத் அரசு தன் தூரக்கிழக்கில் சீனச் சாயல் கொண்ட ஊர்ப்பெயர்களை மாற்றியது. சூச்சான் பார்ட்டிசான்ஸ்க் ஆயிற்று, இமான் தால்னெரெச்சென்ஸ்க் ஆயிற்று.

1986 ஜூலையில் விளாதிவஸ்தோக்கில் பேசிய கோர்பசேவ், ஆற்றின் முதன்மை நீரோட்டத்தை எல்லையாகக் கொள்ளலாம் என இசைந்தார். 1991ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஜென்பாவ் சீனத்துக்கு உரியதாயிற்று. எஞ்சிய தீவுகள் குறித்து 2004இல் உடன்பாடு ஏற்பட்டு, 2008இல் நிலம் கைமாறியது. சமத்துவமின்மை பற்றிய அச்சொல்லை வற்புறுத்தாமல் விட்டதே தீர்வுக்கு வழிவகுத்தது எனலாம். எனினும் 2023இல் சீன அரசு வெளியிட்ட நிலப்பட விதிகள், விளாதிவஸ்தோக் என்னும் பெயருடன் ஹைஷென்வை என்னும் பழைய சீனப் பெயரையும் சேர்த்து எழுதப் பணிக்கின்றன.