தொடக்கத்திரையும் உடைமையும்: லினக்ஸ் பொதியாக்கம் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் கணினியின் தொடக்கத்திரை பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனினும், உழைப்பு ஒரு தோற்றத்தின் பின்னே எவ்வாறு மறைகின்றது, அத்தோற்றம் யாருடைய உடைமையாகின்றது என்னும் வினாக்கள் எமது துறைக்கு அந்நியமானவை அல்ல. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) பண்டவழிபாடு பற்றிக் கூறியவற்றைக் கவிதைக்கும் நாவலுக்கும் பிரயோகித்துப் பழகிய நாம், ஈண்டு மிகச் சிறியதொரு தொழில்நுட்ப வேலையை எடுத்துக்கொள்கிறோம். லினக்ஸ் வழங்கல் ஒன்றுக்கு வரைகலைத் தொடக்கத்திரையைப் பொதியாக்கும் வேலையே அது. மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்ட இடத்திலும் தனியுடைமை எந்த வாயிலால் மீள நுழைகின்றது என்பதை இவ்வேலை தெளிவாகக் காட்டுகின்றது என்பது எமது கருத்து.

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருனியே லினக்ஸ் எனப்படுவது. அக்கருனியோடு பல்லாயிரம் நிரல்களைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று இணங்கி இயங்கச் செய்து மக்களுக்கு அளிக்கும் தொகுப்பை 'வழங்கல்' என்பர். டெபியன், பெடோரா, உபுண்டு ஆகியன அத்தகையன. ஒவ்வொரு நிரலும் அது சார்ந்திருக்கும் பிற நிரல்கள் பற்றிய விவரத்தோடும், அதனை நிறுவுதற்கும் நீக்குதற்குமான விதிகளோடும் கட்டப்படும்போது 'பொதி' ஆகின்றது.

கணினிக்கு மின்னூட்டியதும் முதலில் விழிப்பது நிலைபொருள். அது கருனியை நினைவகத்துக்குக் கொணர வழிசெய்கின்றது. கருனியோடு ஒரு சிறிய தற்காலிகக் கோப்புமுறைமையும் நினைவகத்தில் விரிக்கப்படுகின்றது. வன்வட்டைக் கண்டறிந்து திறப்பதற்கு வேண்டிய கருவிகள் அதனுள் இருக்கும். அதன் பின்னரே உண்மையான கோப்புமுறைமை திறக்கப்பட்டுச் சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. எந்தச் சாதனம் கண்டறியப்பட்டது, எந்தச் சேவை தொடங்கிற்று, எது தவறிற்று என்று வரிவரியாகத் திரையில் ஓடுவது பழைய வழக்கம். தொடக்கத்திரை அவ்வரிகளுக்கு முன்னால் ஒரு படத்தை நிறுத்துகின்றது.

இதனை வெறும் மறைப்பு என்று தள்ளிவிடும் போக்கு எமது நண்பர் சிலரிடையே உண்டு. அது யாந்திரிகப் பார்வை. வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், அதனைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கேட்பதும் தொடக்கத்திரையே. எஸ்கேப் விசையை அழுத்தினால் படம் விலகி வரிகள் வெளிப்படும். எனவே இத்திரைக்கு ஒரு பயன்மதிப்பு உண்டு. உருவத்தை உள்ளடக்கத்தின் பகையாகக் காண்பது இலக்கியத்திலே எவ்வளவு தவறோ அவ்வளவு தவறு இங்கும்.

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கருனிக்குள்ளேயே படம் காட்டும் வசதியைச் சேர்க்கும் திருத்தங்கள் முன்னர் சூசே முதலிய வழங்கல்களில் வழங்கின. ஆயின் அவை மூலக் கருனியில் ஏற்கப்படவில்லை. றெட் ஹற் நிறுவனத்தின் பழைய முறை, படத்தைக் காட்டுதற்கென்றே எக்ஸ் சேவையகம் ஒன்றைத் தொடக்கத்திலேயே இயக்கிற்று. பின்னர் புகுபதிகைக்கு மற்றொன்றை இயக்கவேண்டியிருந்தமையால் திரை இருண்டு மின்னிற்று. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ரே ஸ்ட்ரோட் உருவாக்கிய பிளிமத் என்னும் நிரல் 2008 நவம்பரில் வெளியான பெடோரா 10 இல் இதன் இடத்தைப் பிடித்தது. திரையின் நுணுக்க அளவைக் கருனியே தீர்மானிக்கும் புதிய வசதியைப் பயன்படுத்தியமையே அதன் சிறப்பு. யூஸ்பிளாஷ், எக்ஸ்ஸ்பிளாஷ் என்பவற்றைக் கையாண்ட உபுண்டுவும் 2010 ஏப்ரலில் வெளியான 10.04 பதிப்பில் பிளிமத்தையே ஏற்றது. பழைய முறை வழக்கொழிந்த பின்னும் அதன் பெயர்ச்சுருக்கமான 'ஆர்எச்ஜிபி' பெடோராவின் கருனிக் கட்டளையில் எஞ்சி நிற்கின்றது. பொருள் மறைந்த பின்னும் சொல் நிலைப்பது மொழிகளில் மட்டும் நிகழ்வதன்று.

இனிப் பொதியாக்கம். பிளிமத்தில் ஒவ்வொரு தோற்றமும் ஒரு தனி அடைவு. பெயர், விளக்கம், எந்தக் கூறு அதனை வரையவேண்டும் என்னும் குறிப்பு ஆகியவை கொண்ட சிறு விவரக்கோப்பொன்றும் படங்களும் அதனுள் அடங்கும். அசைவுகளை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த விரும்பின், பிளிமத்துக்கே உரிய சிறு நிரல்மொழியில் ஒரு கோப்பு எழுதிச் சேர்க்கலாம். இவ்வளவையும் உரிய இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று புதியவர் கருதுவர். கணினியை மீளத் தொடக்கினால் பழைய படமே தோன்றும்! காரணம் எளிது. படம் காட்டப்படும் வேளையில் வன்வட்டு இன்னும் திறக்கப்படவில்லை. படமும் அதனை வரையும் நிரலும் மேற்கூறிய தற்காலிகக் கோப்புமுறைமைக்குள் முன்கூட்டியே புகுந்திருத்தல் வேண்டும். ஆகவே பொதி நிறுவப்பட்டதும், புதிய தோற்றத்தை இயல்புத் தோற்றமாகப் பதிவதும், அத்தற்காலிகக் கோப்புமுறைமையை மீளக் கட்டுவதும் பொதியோடு வரும் நிறுவற் கட்டளைகளின் பொறுப்பு. பொதியை நீக்கும்போது இவை நேர்மாறாக நிகழவேண்டும். நீக்கப்பட்ட தோற்றமே இயல்புத் தோற்றமாகப் பதிவில் எஞ்சுமாயின் பயனர் படமற்ற திரையையே காண்பார். பெரிய படங்களை அள்ளிச் சேர்ப்பதும் தகாது. தற்காலிகக் கோப்புமுறைமை பருத்து, கருனிகளுக்கென ஒதுக்கிய சிறு பகுதி நிரம்பிவிடும். மேலும், டெபியனில் எழுத்துகளை வரையும் கூறு தனிப்பொதியாக உள்ளது. அதனைச் சார்புப்பட்டியலிற் குறிப்பிடத் தவறினால், கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றும், ஏன் கேட்கிறது என்னும் வாசகம் தோன்றாது.

இவ்வேலைகளைச் செய்பவரின் பெயர் பொதியின் மாற்றக்குறிப்பில் திகதியோடு பதியப்படுகின்றது. ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றது என்பதைப் பதிப்புரிமைக் கோப்பு கூறவேண்டும் என்பதில் டெபியன் மிகக் கண்டிப்பானது. இத்துணை நேர்மையான உழைப்புப் பதிவேட்டை வேறு பல துறைகளில் காண்பது அரிது. ஆனால் அதனைத் திறந்து வாசிப்போர் மிகச் சிலர். திரையில் நாடோறும் கோடானுகோடி மக்கள் காண்பது ஒரு சின்னத்தையே.

முரண்பாடு இங்கேதான் கூர்மையடைகின்றது. பிளிமத்தின் மூலநிரல் குனூ பொது உரிமத்தின் கீழ் உள்ளது. எவரும் எடுத்து, திருத்தி, மீள வழங்கலாம். ஆயின் அது காட்டும் சின்னம் பதிப்புரிமைக்கு அப்பால் வர்த்தகக் குறிச் சட்டத்துக்கும் உட்பட்டது. இதனாலேயே பெடோரா தன் சின்னங்களை ஒரு தனிப்பொதியில் வைத்து, வழங்கலைத் திருத்தி வெளியிடுவோர் அதனை அகற்றிப் பதிலாக வைத்துக்கொள்ளப் பொதுச்சின்னப் பொதியொன்றையும் அளிக்கின்றது. றெட் ஹற் நிறுவனத்தின் மூலநிரலிலிருந்து எழுந்த சென்ற்ஓஎஸ் வழங்கலும் அந்நிறுவனத்தின் சின்னப்பொதியை நீக்கித் தன்னுடையதை வைத்தே வெளிவந்தது. பல்லாயிரம் நிரல்களை அப்படியே எடுத்தாளலாம், ஒரு சில படங்களை எடுத்தாளலாகாது. உழைப்பின் பெரும்பகுதி பொதுவில் நிற்க, அதன் முகம் மட்டும் தனியுடைமையாகின்றது. அம்முகத்தின் சந்தை மதிப்பு சிறிதன்று. 2019 இல் ஐபிஎம் நிறுவனம் ஏறத்தாழ 34 பில்லியன் அமெரிக்க டொலருக்கு றெட் ஹற்றை வாங்கியபோது, மூலநிரலை எவரும் ஏற்கெனவே இலவசமாகப் பெறக்கூடியதாகவே இருந்தது.

அதே 2019 இல் வெளியான பெடோரா 30 இல் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. கணினி உற்பத்தியாளரின் சின்னத்தை நிலைபொருளே திரையில் வரைகின்றது. அச்சின்னம் எங்கே உள்ளது என்பதை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் அட்டவணையொன்று அதற்குரிய பொதுத்தரத்தில் 2011 இல் இடம்பெற்றது. விண்டோஸ் 8 இதனைப் பயன்படுத்திற்று. பெடோரா 30 இல் பிளிமத்தின் புதிய தோற்றம் அவ்வட்டவணையை வாசித்து, உற்பத்தியாளரின் சின்னத்தை அழியாது காத்து, அதன் கீழே சுழலும் வட்டமொன்றையும் தன் சிறு சின்னத்தையும் வைக்கின்றது. 2020 இல் உபுண்டு 20.04 உம் இவ்வழியிற் சென்றது. திரை மின்னுவதில்லை, கண்ணுக்கு இதமானது என்பர். உண்மைதான். அதனைச் சாதித்தோரின் தொழில்நுட்பத் திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பழைய தோற்றத்தில் வழங்கலின் சின்னமாவது திரையின் நடுவில் நின்றது. புதிய தோற்றத்திலோ இரும்பையும் சிலிக்கனையும் விற்ற நிறுவனத்தின் சின்னம் நடுவில் நிற்க, சமூக உழைப்பின் விளைவு அடிக்குறிப்பாகச் சுருங்குகின்றது.

தமிழ் வாசகருக்கு இன்னொன்றும் கூறவேண்டும். புகுபதிகைக்குப் பிந்திய லினக்ஸ் திரைகள் தமிழாக்கம் பெற்றுள்ளன. தொடக்கத்திரையின் நிலை வேறு. தற்காலிகக் கோப்புமுறைமையை இலகுவாக வைத்திருக்கும் பொருட்டு மிகச் சில எழுத்துருக்களே அதனுட் சேர்க்கப்படுகின்றன. லினக்ஸ் உலகில் பரவலாக வழங்கும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவிலோ தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ் எழுத்துருவைச் சேர்த்தாலும் போதாது. 'கொ' என்பது கணினியில் ககரமும் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்பட்டு, திரையில் ககரத்தின் இருபுறமும் குறிகள் விரியத் தோன்றவேண்டும். இவ்வடிவமைப்பைப் பாங்கோ போன்ற நூலகம் செய்யும். தனி எழுத்துருவங்களை மட்டும் வரையும் நூலகம் செய்யாது. ஆகவே தமிழில் தோற்றம் செய்ய விரும்பும் பொதியாக்கர், கடவுச்சொல் கேட்கும் வாசகத்தை ஏற்கெனவே வரைந்த படமாகவே பொதியிற் சேர்த்து, பிளிமத்தின் நிரல்மொழி கொண்டு உரிய தருணத்தில் அதனைக் காட்டச் செய்யலாம். ஒரு வாசகத்துக்கு ஒரு படம் வேண்டும். தொடக்கத்திரையில் வரும் வாசகங்கள் சிலவே ஆதலின் இவ்வேலை ஒருவரால் ஓரிரு நாட்களில் செய்யத்தக்கது.