மரநிழலும் மலைத்தொழிலும்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற நகரம். ஆயினும் நகரைச் சூழ்ந்த சமவெளியில் ஏலச்செடி ஒன்றையும் காண இயலாது. அது விளைவது போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைச்சரிவுகளில். அங்கிருந்து காய் கீழே இறங்குகிறது. இங்கிருந்து உழைப்போர் மேலே ஏறுகின்றனர். போடி, தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன்பே ஜீப்புகளில் புறப்படும் பெண்கள், மாலையில் வீடு திரும்புகின்றனர்.

ஏலமலைக்காட்டின் ஆட்சிமுறை சற்று வியப்பானது. திருவிதாங்கூர் அரசு 1822ஆம் ஆண்டிலேயே ஏலச் சாகுபடியைக் காக்க ஆணை பிறப்பித்தது. பின்னர் நிலம் தனியாருக்குக் குத்தகையாக வழங்கப்பட்டது. நிலம் வருவாய்த்துறையின் பொறுப்பிலும் அதன்மேல் நிற்கும் மரங்கள் வனத்துறையின் பொறுப்பிலும் அமைந்தன. குத்தகை பெற்றவர் ஏலம் பயிரிடலாம். விரும்பியபடி மரத்தை வெட்ட அவருக்கு உரிமையில்லை. இக்காட்டின் பரப்பு எவ்வளவு என்னும் வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. எனினும், காட்டை அழிக்காமலேயே அதிலிருந்து ஊதியம் பெறும் வழியை இவ்வேற்பாடு உருவாக்கியது எனலாம்.

அதற்குக் காரணம் ஏலச்செடியின் இயல்பே. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி நேரடி வெயிலைத் தாங்காது. பலா, சந்தனவேம்பு போன்ற மரங்களின் நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது; உதிரும் இலைகள் உரமாகின்றன. பூக்களில் மகரந்தச் சேர்க்கை நிகழ்த்தும் தேனீக்களும் இம்மரங்களில் கூடு கட்டுகின்றன. நிழல் மிகுந்தாலும் விளைச்சல் குறையும். ஆகவே, மழைக்காலத்திற்கு முன் கிளைகளைக் கவாத்து செய்வர். உயரமான மரத்தில் ஏறி, எந்தக் கிளையை நீக்குவது, எதை விடுவது என அறிந்து வெட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

காய் பறிப்பதில்தான் வேலை மிகுதி. செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஒரு மாதம் முதல் ஒன்றரை மாத இடைவெளியில், முற்றிய காயைமட்டும் தேர்ந்து பறிக்க வேண்டும். குனிந்தும் அமர்ந்தும் பெண்கள் செய்யும் இப்பணிக்கு ஈடான இயந்திரம் இன்றளவும் வழக்கத்திற்கு வரவில்லை. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோவாகும். அதனைத் தூய்மை செய்து, அளவும் நிறமும் பார்த்துத் தரம்பிரிக்கும் வேலை போடியில் பலருக்குப் பிழைப்பாகிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலமும் போடியிலும் புற்றடியிலும் நடைபெறுகிறது.

உழவர் ஒருவர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி வகை பரவியபின் விளைச்சல் பெருகியது. பறிக்கும் நாள்களும் பெருகின. ஆனால், கூடுதல் விளைச்சலை நாடிப் பல தோட்டங்களில் நிழலை அளவுக்கு மீறிக் குறைத்தனர். வெயில் மிகுந்த இடத்தில் நீரும் பூச்சிக்கொல்லியும் கூடுதலாகத் தேவைப்பட்டன. மருந்து தெளிப்பவரும் அச்செடியருகே அமர்ந்து காய் பறிப்பவரும் கூலித்தொழிலாளரே என்பது எண்ணத்தக்கது.

2024ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெருமளவில் காய்ந்தன. பட்டுப்போன செடிகளை அகற்றி மறுநடவு செய்தால், அவை காய்க்க 2 அல்லது 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்நிலத்தில் களையெடுப்பு உண்டு, நீர் பாய்ச்சுதல் உண்டு; காய் பறிக்கும் வேலை இல்லை.