கடலின் ஆழத்தை ஒலியால் அறிதல்

கடலின் மேற்பரப்பைக் கண்டு களியாதார் இலர். ஆயின், அம்மேற்பரப்பின் கீழே இரண்டு பாகம் நீர் உளதா, இருபது பாகம் நீர் உளதா என்று கண்ணாற் கண்டு கூறுதல் கைதேர்ந்த மாலுமிக்கும் அரிது. நீரின் நிறமும் அலை உடையும் முறையும் ஓரளவு குறிப்புக் காட்டும். இருளிலும் கலங்கல் நீரிலும் அக்குறிப்புகளும் மறைந்துவிடும். அவ்வேளைகளில் படகிலுள்ளார் உயிர், கீழே எவ்வளவு நீர் இருக்கிறது என்ற ஒரே வினாவின் விடையிலே தங்கியிருக்கும். அவ்விடையை நொடிப்பொழுதிற் கூறுவதே எதிரொலி ஆழமானி. அக்கருவி இயங்கும் முறையையும் அதனை இயக்கும் முறையையும் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

ஈயக்குண்டிலிருந்து எதிரொலி வரை

பண்டைக்காலந்தொட்டு மாலுமிகள் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி நீரில் இறக்கி ஆழம் அளந்து வந்தனர். விரித்த இரு கைகளின் நீளமாகிய பாகமே அவர்தம் அளவுகோல். அஃது ஆறு அடி கொண்டது. குண்டின் அடியிற் கொழுப்பைப் பூசி இறக்கினால், கடலடி மணலா சேறா என்பதும் ஒட்டி வருவதைக் கொண்டு தெரிந்துவிடும். கரையோரத்தில் இம்முறை போதியதே. ஆழ்கடலிலோ ஒரு முறை அளப்பதற்கே மணிக்கணக்கு ஆயிற்று. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த ‘சலஞ்சர்’ என்னும் ஆங்கிலக் கப்பலும் கயிற்றையே நம்பியிருந்தது.

நீரில் ஒலி எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பதை 1826ஆம் ஆண்டிலேயே கொலடன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் அளந்தனர். நீருக்குள் ஒரு மணியை அடித்த அதே கணத்தில் படகில் வெடிமருந்தைக் கொளுத்தினர். பல மைல்களுக்கு அப்பால் இருந்தவர் ஒளியைக் கண்ட நேரத்துக்கும் மணியோசையைக் கேட்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்தார். விடை செக்கனுக்கு 1,435 மீற்றர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தினும் இது நான்கு மடங்குக்கு மேற்பட்டது.

1912ஆம் ஆண்டில் ‘டைட்டானிக்’ கப்பல் பனிப்பாறையில் மோதி அமிழ்ந்த பின்னர், பாறையை முன்கூட்டி அறியும் வழியைப் பலரும் தேடினர். அவருள் ஒருவர் ஜேர்மனியரான அலெக்சாண்டர் பெம். பனிப்பாறையினும் கடலடியே ஒலியை நன்கு திருப்பி அனுப்புகிறது என்று கண்ட அவர், 1913இல் எதிரொலி ஆழமானிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1917ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் போல் லாஞ்செவன், மின்சாரத்தால் அதிரும் பளிங்குக் கல்லைக்கொண்டு செவிக்குக் கேளா ஒலியை நீரில் எழுப்பிக் காட்டினார். 1925 முதல் 1927 வரை தென் அத்திலாந்திக் கடலை ஆராய்ந்த ‘மீற்றியோர்’ என்னும் ஜேர்மன் கப்பல், ஏறத்தாழ 67,000 இடங்களின் ஆழத்தை எதிரொலியால் அளந்தது. கடலடியில் மலைத்தொடர் கிடக்கும் தோற்றம் அவ்வளவைகளால் தெளிவாயிற்று.

கருவி இயங்கும் விதம்

படகின் அடியிலோ பின்புறத்திலோ நீருள் அமிழ்ந்திருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதனை ‘டிரான்ஸ்டியூசர்’ என்பர். நாம் ஒலியுறுப்பு என்போம். அது மின் துடிப்பை ஒலித் துடிப்பாக மாற்றிக் கீழே அனுப்பும். திரும்பிவரும் எதிரொலியை மீண்டும் மின் துடிப்பாக மாற்றித் தரும். போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். கடல்நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,500 மீற்றர் எனக் கொள்வோம். எதிரொலி ஐந்தில் ஒரு செக்கனில் வந்தால், ஒலி நடந்த வழி 300 மீற்றர். ஆழம் 150 மீற்றர். மாணவர் இக்கணக்கைத் தாமே வேறு எண்களை இட்டுச் செய்து பார்க்கலாம்.

சிறுபடகுக் கருவிகள் பலவற்றில் இரண்டு அதிர்வெண்கள் உள. செக்கனுக்கு 200,000 அதிர்வுகொண்ட ஒலி ஆழங்குறைந்த நீரில் நுணுக்கமாகக் காட்டும். 50,000 அதிர்வுகொண்ட ஒலி நீரில் எளிதில் தேயாது ஆகையால் ஆழ்கடலுக்கு ஏற்றது.

இயக்கும் முறை

முதலாவது, அளவின் அலகைப் பார்த்தல் வேண்டும். திரையில் 6 என்று தோன்றினால் அது ஆறு அடியா, ஆறு மீற்றரா, ஆறு பாகமா? ஆறு அடி என்பது 1.8 மீற்றரே. இதை அறியாது படகைச் செலுத்துதல், விலை கேளாமற் பொருள் வாங்குவதினும் பன்மடங்கு ஆபத்தானது.

இரண்டாவது, ஆழம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதைத் தெளிதல் வேண்டும். கருவி இயல்பாகக் காட்டுவது ஒலியுறுப்பின் கீழுள்ள நீரையே. நீர்மட்டத்திலிருந்து ஒலியுறுப்பு அரை மீற்றர் கீழே இருப்பின், அந்த அரை மீற்றரைக் கூட்டினால் முழு ஆழம் வரும். ஒலியுறுப்பிலிருந்து படகின் ஏராக்கட்டையின் அடிவரை உள்ள நீளத்தைக் கழித்தால், படகின் கீழ் எஞ்சிய நீரின் அளவு வரும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து கருவியிற் பதிந்து, படகிலுள்ள யாவரும் அறியக் கூறிவிடுதல் நன்று.

மூன்றாவது, வீச்சைப் பொருத்துதல். பத்து மீற்றர் நீரில் ஐந்நூறு மீற்றர் வீச்சை வைத்தால், கடலடி திரையின் உச்சியில் ஒரு கோடாய் ஒடுங்கிவிடும். கடலடி திரையின் கீழ்ப்பாதியில் விழுமாறு வைப்பது நல்ல வழக்கம்.

நான்காவது, உணர்திறனைச் சரிசெய்தல். இதனை மிகுதியாய் வைத்தால் நீரிலுள்ள குமிழியும் தூசியும் புள்ளிகளாய்த் திரையை நிறைக்கும். குறைவாய் வைத்தால் மென்சேற்றின் எதிரொலி தோன்றாமலே போகும். புள்ளிகள் தோன்றும்வரை கூட்டிப் பின் சிறிது குறைப்பதே முறை.

ஐந்தாவது, எச்சரிக்கை மணி. படகு அமிழும் அளவோடு போதிய இடைவெளியையும் சேர்த்து அம்மணியை அமைத்தல் வேண்டும். நங்கூரமிட்டு உறங்குவோர்க்கு அது விழித்திருக்கும் காவலாளி.

இறுதியாக, கருவியைச் சோதித்தல். படகு அசையாது நிற்கும்போது ஈயக்குண்டை இறக்கி அளந்து, கருவியின் எண்ணோடு ஒப்பிடலாம். நில அளவையாளர் ஓர் உலோகத் தட்டை அறிந்த ஆழத்தில் ஒலியுறுப்பின் கீழே தொங்கவிட்டுச் சோதிப்பதுமுண்டு.

கருவி ஏமாற்றும் இடங்கள்

ஒலியின் வேகம் எங்கும் ஒன்றன்று. வெப்பமும் உப்பும் மிகுந்த நீரில் அது மிகும். எமது கடல்போன்ற வெப்பக் கடலின் மேல்நீரில் 1,540 மீற்றர் அளவிற்கு ஏறும். ஆகவே 1,500 எனக் கணிக்கும் கருவி, உண்மையான பத்து மீற்றரை 9.7 மீற்றர் என்றே காட்டும்; இப்பிழை தீங்கற்றது. குளிர்ந்த நன்னீர் ஏரியிலோ அதே கருவி பத்து மீற்றரைப் பத்தரை மீற்றராகக் காட்டக்கூடும், இப்பிழையே அஞ்சத்தக்கது.

ஆழங்குறைந்த கடினமான தரையில், எதிரொலி நீர்மட்டத்தில் மோதி மறுமுறையும் கீழே சென்று திரும்புவதுண்டு. அப்போது இருமடங்கு ஆழத்தில் இன்னொரு கடலடி தோன்றும். இரண்டு கோடுகள் தென்படின் மேற்கோட்டையே நம்புதல் வேண்டும். படகு பின்னோக்கிச் செல்கையில் எழும் குமிழிகள் ஒலியை மறைத்துவிடும். எண் விட்டுவிட்டு மின்னினால், கருவி கடலடியைத் தவறவிட்டுப் பழைய எண்ணையே காட்டி நிற்கிறது எனப் பல கருவிகளிற் பொருள்.

1942ஆம் ஆண்டில் கலிபோர்னியாக் கடலில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், சில நூறு மீற்றர் ஆழத்திற் கடலடி போன்ற ஓர் அடுக்கைக் கண்டு வியந்தனர். அங்கே உண்மையான கடலடி மிக ஆழத்தில் இருந்தது. பகலிற் கீழிருந்து இரவில் மேலெழும் சிற்றுயிர்க் கூட்டமே அவ்வடுக்கு என்பது பின்னர் தெளிவாயிற்று.

எல்லையை அறிந்து பயன்படுத்துக

இக்கருவி கூறுவது, இப்போது படகின் கீழே உள்ளதை மட்டுமே. முன்னால் இருப்பதை அன்று. 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி, ‘குயீன் எலிசபெத் 2’ என்னும் பெருங்கப்பல் 1,800க்கு மேற்பட்ட பயணிகளுடன் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரைக்கருகே பாறையில் உராய்ந்தது. 1939இல் அளந்த ஆழங்களைக்கொண்ட வரைபடத்தில் அப்பாறை குறிக்கப்பட்டிருக்கவில்லை. ஆழங்குறைந்த நீரில் விரைந்து செல்லும் கப்பல் மேலும் கீழே தாழும் இயல்புடையது. அத்தாழ்வும் எதிர்பார்த்ததினும் மிகுந்திருந்தது. பயணிகளுக்கு உயிரிழப்பு நேராதது நற்பேறே.

ஆகவே ஆழமானி, வரைபடம், கண்பார்வை ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று சோதிக்க வேண்டும். திரையில் எண் விரைவாகக் குறையத் தொடங்கினால், காரணம் ஆராய்வதற்கு முன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பாக்குநீரிணை போன்ற ஆழங்குறைந்த கடலிற் செல்வோர்க்கு இப்பழக்கம் இன்றியமையாதது. ஆழமறியாமற் காலை விடாதே என்று வீட்டிற் பிள்ளைகளுக்குக் கூறுகிறோம். கடலோடிக்கு அதுவே முதற் பாடம். எதிரொலி ஆழமானி அப்பாடத்தை எளிதாக்கியிருக்கிறது. ஈயக்குண்டும் கயிறும் இன்றும் படகின் ஒரு மூலையில் இருத்தல் நன்று.